ரெடிமேடா, அசெம்பிளா?

கம்ப்யூட்டர் கடைக்காரனுக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே யாராவது ஒருவர் வந்து அதைக் கேட்டுவிடுவார். "கேம் ஆடற மாதிரி ஒரு சிஸ்டம் வேணும். ரெடிமேடா வாங்கறதா, பார்ட் பார்ட்டா வாங்கி அசெம்பிள் பண்றதா?"

நீங்களும் ஏதாவது ஒரு கடைப் படியில் நின்று இதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு கடைக்காரர் ரெடிமேடு என்பார். அடுத்த கடைக்காரர் அசெம்பிள் என்பார். வீட்டுக்கு வந்து போனில் வீடியோ பார்த்தால், இரண்டுமே ஏமாற்று என்று ஒருவன் பேசிக்கொண்டிருப்பான். உங்கள் அவஸ்தை எனக்குத் தெரியும். ஒரு தினசரிக்குத் திருவண்ணாமலையிலிருந்து பல வருஷம் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த வேலை போனபிறகு, பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருக்கும் அன்வர் பாய் கடையில் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்க்ரூடிரைவர் அவருடையது, பேச்சு என்னுடையது. ரெடிமேடு என்றால் கம்பெனியே பூட்டி சீல் வைத்து அனுப்புகிற பெட்டி. அசெம்பிள் என்றால் ஒவ்வொரு பாகமாக வாங்கி நாங்கள் சேர்த்துக் கொடுப்பது. இரண்டுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம் என்று நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாற்காலி, இரண்டு பேர்

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஓர் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். அண்ணன் பிரகாஷ் சொந்தமாக ஒரு லோடு வேன் ஓட்டுகிறவன். தம்பி சதீஷ் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். அப்பா தவறிவிட்டார். அவர்கள் நிலத்து வேர்க்கடலை அந்த வருஷம் நல்ல விலைக்குப் போயிருந்தது. பள்ளிக்கூட நாட்களில் இரண்டு பேரும் டவுனுக்கு வந்து, பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி, ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவார்களாம். பாதி நேரம் அண்ணன், பாதி நேரம் தம்பி. ஆடாதவனுக்கும் வேலை உண்டு. பின்னால் நின்றுகொண்டு, "ரைட்டுல வரான், ரைட்டுல வரான்" என்று கத்தவேண்டும். இப்போது சொந்தமாகவே ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று வந்திருந்தார்கள்.

அண்ணனுக்கு ரெடிமேடுதான் வேண்டும். "சீல் போட்டு வருது, ரிப்பேர்னா கம்பெனிக்காரன் பாத்துக்கறான், நமக்கு இன்னா தலவலி" என்றான். தம்பிக்கு அசெம்பிள்தான் வேண்டும். அதே காசுக்கு இன்னும் நல்ல கிராபிக்ஸ் கார்டு போடலாம், நாளைக்கு ஒரு பாகம் பழசானால் அதை மட்டும் மாற்றலாம் என்பது அவன் கட்சி. கேம் ஆடுகிற கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டுவது அந்தக் கார்டுதான். மொத்த விலையில் ஏறக்குறைய பாதியை அது ஒன்றே தின்றுவிடும். எந்த போர்டு, எந்த பவர் சப்ளை, எத்தனை ஃபேன், கார்டு சூடானால் காற்று எந்தப் பக்கம் வெளியேறும் என்று சதீஷ் கேட்டுக்கொண்டே இருந்தான். பாய் சலிக்காமல் பதில் சொன்னார். பிரகாஷ் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தான். திரும்பவும் போய்க் குடித்துவிட்டு வந்தான். கடைசியில் தம்பிக்காக அசெம்பிளுக்குத் தலையாட்டிவிட்டு, பாயைப் பார்த்துச் சொன்னான்:

"எனக்குப் பொண்ணு பாத்தப்பகூட இவன் இவ்ளோ கேள்வி கேக்கல பாய்."

மலையைச் சுற்றிய கார்டு

மற்ற பாகங்கள் எல்லாம் வந்துவிட்டன. கார்டு மட்டும் சென்னையிலிருந்து வரவேண்டும். அது வந்து சேர்ந்தது பௌர்ணமி அன்று. பௌர்ணமி அன்று எங்கள் ஊருக்குள் வண்டி நுழையமுடியாது என்பதைச் சென்னைக்காரர்களுக்கு இதுவரை யாராலும் புரியவைக்க முடிந்ததில்லை. பெட்டி செங்கம் ரோட்டில் ஒரு பார்சல் ஆபீசில் நின்றுவிட்டது. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பாய் சொன்னார். "தம்பி காலைலேர்ந்து சாப்புடாம ஒக்காந்துகினு கீறான்" என்று சொல்லிவிட்டு, வேனை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வந்திருந்த பிரகாஷே நடந்து போனான்.

பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினால், கிரிவலக் கூட்டம் மொத்தமும் எதிரே வருகிறது. எதிர்த்து நடக்க வழியில்லை. கூட்டத்தோடு கூட்டமாக மலையைச் சுற்றிக்கொண்டுதான் ஊருக்குள் வந்து சேரமுடிந்தது. வழியில் அன்னதானம் கொடுத்தவர்கள், கை இரண்டும் பெட்டியைப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, சாம்பார் சாதத்தைத் தொன்னையோடு பெட்டி மேலேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். கடைக்குள் வந்தபோது காலெல்லாம் புழுதி, பெட்டியின் ஒரு மூலையில் சாம்பார்க் கறை. சதீஷ் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினான். பிரகாஷ் ஸ்டூலில் விழுந்து, காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்:

"பாய், இது அண்ணாமலையாரையே சுத்திகினு வந்த கார்டு. ரிப்பேர் ஆச்சின்னா தப்பு உங்க மேலதான்."

முதல் பட்டன்

அன்வர் பாய் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர்கள் கண் முன்னால்தான் பாகங்களைச் சேர்ப்பார். எல்லாம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார். முதல் தடவை பட்டனை அழுத்துவது வாங்கினவர்களின் வேலை. "எங்க கல்யாணத்துல பொண்ணுகிட்ட சம்மதம் கேக்கறோம் இல்ல, அந்த மாதிரி" என்பார். பட்டனை அழுத்தி, ஃபேன் சுற்றி, ஸ்க்ரீனில் எழுத்து வருகிற வரைக்கும் கடையில் யாரும் பேசமாட்டோம்.

கார்டைப் பூட்டி முடித்த அன்றைக்குப் பிரகாஷ், சதீஷின் அம்மாவும் வந்திருந்தார். கையில் சந்தனம், குங்குமம், விபூதி, கற்பூரம். கற்பூரத்தை மட்டும் பாய் மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்தார். அம்மா பெட்டிக்கு மூன்று சந்தனப் பொட்டு வைத்து, தலையில் தாராளமாக விபூதியைத் தூவினார். பெட்டியின் தலையில்தான் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் இருந்தது. "நீ அழுத்துணா." "டேய், நீ அழுத்துடா." கடைசியில் அண்ணன் விரலை வைத்தான், அதன் மேல் தம்பி விரலை வைத்தான். ஃபேன் சுற்றியது. விபூதி மொத்தமும் பாயின் தாடியில் போய்ப் படிந்தது. அம்மா பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "இருக்கட்டும்மா, இன்னைக்கு எனக்கும் சேத்து ஆசீர்வாதம்" என்று பாய் சிரித்தார். ஸ்க்ரீனில் எழுத்து வந்தது. பையன்கள் குதித்தார்கள். அம்மா ஸ்க்ரீன் பக்கம் திரும்பவேயில்லை. பையன்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ரெண்டும் ஒண்ணா வூட்ல கெடந்தா போதும் பாய். வேற எதும் கேக்கல நானு."

சீலுக்குள் ஒரு பல்லி

இதற்கு நடுவில் ரெடிமேடு வாங்கினவர்களும் வராமல் இல்லை. வேங்கிக்காலில் இருந்து ஒரு வாத்தியார் ஆட்டோவில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகனுக்காக வாங்கிய ரெடிமேடு. திடீரென்று ஒருநாள் நின்றுவிட்டது. பின்பக்கம் கம்பெனி சீல் அப்படியே பளபளவென்று இருந்தது. "பிரித்தால் வாரண்டி கிடையாது" என்று அதில் எழுதியிருந்ததை வாத்தியார் வேதமாக எடுத்துக்கொண்டு, வாரண்டி முடிந்து ரொம்ப நாள் ஆனபிறகும் தூசிகூடத் தட்டவிடாமல் காப்பாற்றி வைத்திருந்தார். மகன் வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டான். அவன் திரும்பி வருகிறபோது பெட்டி எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டுமாம்.

பாய் சீலை வெட்டினார். வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே பவர் சப்ளைக்குப் பக்கத்தில் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. காற்றுக்காக விட்டிருந்த ஓட்டை வழியாகப் போயிருக்கிறது. பாய் அதைக் காகிதத்தில் எடுத்துக் காட்டினார். பாய் வெட்டிப் போட்ட சீலை வாத்தியார் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"நாங்க யாருமே தொடலீங்களே சார், அப்புறம் எப்படி?"

தூசி தட்ட வந்தவன்

பிரகாஷுக்குக் கல்யாணம் ஆயிற்று. எங்களுக்கும் பத்திரிகை வந்தது, போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அதற்கப்புறம் அவர்களுடைய நிலத்தை ஒட்டி மனை போடுகிறவர்கள் வந்தார்கள். ரோட்டோரத்து நிலத்துக்கு நல்ல விலை சொன்னார்கள். விற்றுவிட்டு இன்னொரு வேன் எடுக்கலாம் என்பது பிரகாஷின் எண்ணம். அப்பா வெட்டின கிணறு அதில்தான் இருக்கிறது, விற்கக்கூடாது என்பது சதீஷின் பிடிவாதம். இதெல்லாம் எங்களுக்கு அப்புறம்தான் தெரியும்.

அன்றைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தூசி தட்டுவதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சதீஷ் மட்டும் பஸ்சில் வந்தான். அவர்கள் வீட்டு வாசலில் வேன் நிற்கும்போது அவன் பஸ்சில் வந்தது எனக்கு உறுத்தியது. சந்தனப் பொட்டு மூன்றும் காய்ந்து பெட்டியோடு ஒட்டிக்கிடந்தன. பாய் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிக்கொண்டே, "அண்ணன் இன்னாப்பா, வரலயா? முன்னெல்லாம் பின்னாடியே நிப்பான்" என்றார். சதீஷ் ஃபேனை விரலால் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். "ஆடறப்போவாவது கூட ஒக்கார்றானா?" என்று நான் கேட்டேன். இல்லை என்று தலையசைத்தான். "ஏன், வேற வூடு போய்ட்டானா?" என்று பாய் கேட்டார். அதற்கு அவன் சொன்னான்:

"ஒரே வூடுதான் பாய். அடுப்புதான் ரெண்டு."

இரண்டு குவியல்

அடுத்த தடவை மூன்று பேர் வந்தார்கள். பிரகாஷ், சதீஷ், நடுவில் அவர்களுடைய தாய்மாமன். மாமன்தான் பெட்டியையும் ஸ்க்ரீனையும் தூக்கி வந்து கவுண்டர் மேல் வைத்தார்.

"பாகம் பிரிச்சிக் குடுங்க பாய்" என்றார்.

பாய்க்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மாமன் விளக்கினார். "நெலம் அளந்து கல் நட்டாச்சி. கெணறு ஒரு நாள் இவனுக்கு, ஒரு நாள் அவனுக்கு. மாட்ட வித்து ஆளுக்குப் பாதி குடுத்தாச்சி. இது ஒண்ணுதான் பாக்கி."

"இதையும் அந்தக் கெணறு மாதிரியே வச்சிக்கலாமே" என்றேன்.

"கெணறு எங்கயும் போவாது சார். சின்னவன் ஓசூர் போறான், கம்பெனில வேல கெடச்சிருக்கு."

ஒருவர் பெட்டியை வைத்துக்கொண்டு அடுத்தவருக்குப் பணமாகக் கொடுத்துவிடலாமே என்று பாய் சொல்லிப்பார்த்தார். "அதையும் சொல்லிட்டேன் பாய். அவன் காசு எனக்கு வாணாம்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றானுங்க. அதுல மட்டும் ஒத்துமைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்றார் மாமன். அம்மா எங்கே என்று கேட்டேன். இதைப் பார்க்கவேண்டாம் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

இந்தத் தொழிலில் எத்தனையோ பெட்டிகளைப் பாய் பிரித்திருக்கிறார், எல்லாம் ரிப்பேருக்காக. அன்றைக்கு ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த பெட்டியைப் பிரித்தார். சேர்க்கும்போது நாளெல்லாம் ஆயிற்று. பிரிப்பதற்கு ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. போர்டு, ப்ராசஸர், மெமரி, பவர் சப்ளை, கார்டு, ஸ்க்ரீன், காலிப் பெட்டி எல்லாம் கவுண்டர் மேல் வரிசையாக வந்தன.

பாகப்பிரிவினையில் எங்கள் பக்கத்து வழக்கப்படி, மூத்தவன் பிரித்து வைக்கவேண்டும், இளையவன் முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும். பிரிக்கிறவன் அப்போதுதான் நியாயமாகப் பிரிப்பான். பிரகாஷ் இரண்டு குவியலாக வைத்தான். ஒன்றில் கார்டும் ஸ்க்ரீனும். இன்னொன்றில் மற்றதெல்லாம். கார்டைக் கையில் எடுத்தபோது மட்டும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் கீழே வைத்தான். பார்வைக்கு இரண்டாவது குவியல்தான் பெரியது. விலைக்கு முதல் குவியல் ரொம்பவே ஜாஸ்தி. கடையில் அது தெரிந்தவர்கள் மூன்று பேர்: பாய், நான், சதீஷ்.

சதீஷ் யோசிக்கவே இல்லை. பெரிய குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

பாய்க்குப் பொறுக்கவில்லை. "சதீஷு, அந்தக் கார்டு இன்னைக்கும்" என்று ஆரம்பித்தார்.

"தெரியும் பாய். நீங்க சும்மா இருங்க." பாய்க்கும் எனக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னான். எல்லாவற்றையும் ஓர் அரிசிச் சாக்கில் போட்டுக்கொண்டு மாமனோடு இறங்கிப் போய்விட்டான்.

பிரகாஷ் கார்டை, வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்த அதன் பழைய பெட்டியில் போட்டான். சாம்பார்க் கறை படிந்த அதே பெட்டி. மூடியை அழுத்தி மூடிவிட்டு, எங்களிடம் நியாயம் கேட்கிறவனைப் போலச் சொன்னான்:

"பாத்தீங்களா பாய்? கார்டு வெல எறங்கிடுச்சின்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் என் தலைல கட்டிட்டுப் போறான்."

சீல் போட்டது

சதீஷ் ஓசூர் போய்விட்டான். ஊருக்கு வருவதில்லை என்று கேள்வி. சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம், பிரகாஷ் தனியாக வந்தான். கையில் அந்தக் கார்டு பெட்டி.

"ரெடிமேடா ஒண்ணு குடுங்க பாய்."

"எதுக்குப்பா? கார்டு கீது, ஸ்க்ரீன் கீது. மீதிய மட்டும் வாங்கினா கம்மியா முடியும்."

"வாணாம் பாய். சீல் போட்டதுதான் வேணும். எவனும் வந்து பிரிக்கக் கூடாது." கார்டு பெட்டியைக் கவுண்டர் மேல் தள்ளினான். "இத்த எடுத்துகினு எதுனா கழிச்சிக்குங்க. ஒண்ணுத்துக்கும் ஆவாது, தெரியும்."

விலையில் பொய் சொல்ல அன்வர் பாய்க்கு வராது. அந்தக் கார்டின் விலை இறங்கவில்லை, எங்கேயும் கார்டு கிடைக்காததால் இப்போது ஏறித்தான் இருக்கிறது என்றார். எவ்வளவு என்பதையும் சொன்னார். பிரகாஷ் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தான். பாய் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.

"அன்னைக்கு?"

"அன்னைக்குக் கொஞ்சம் கம்மி. ஆனா அந்தப் பக்கம் இருந்த எல்லாத்தையும் சேத்தாலும் இதான் ஜாஸ்தி."

"அவனுக்குத் தெரியுமா?"

பாய் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வாங்கறப்ப அத்தன கேள்வி கேட்டதே அவன்தானப்பா."

பிரகாஷ் ரெடிமேடு பெட்டிகள் இருந்த பக்கம் கையைக் காட்டினான். பாய் ஒரு ரெடிமேடு பெட்டியை எடுத்து ஒயர் மாட்டினார். கடை வழக்கப்படி ஒதுங்கி நின்றார். பிரகாஷ் பட்டனை அழுத்தினான். ஒரு விரல்தான். ஸ்க்ரீன் வந்தது. ஓட்டிப் பார்க்கச் சொல்லி, நாங்கள் வைத்திருக்கும் துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றைப் பாய் போட்டுக் கொடுத்தார். பிரகாஷ் நன்றாகத்தான் ஆடினான். ஒரு சந்து திரும்பினான். வலப்பக்கம் ஒரு சுவருக்குப் பின்னாலிருந்து ஒருவன் வந்தான். பின்னால் நின்ற எனக்கு அது தெரிந்தது. சொல்லியிருக்கலாம், ஆனால் அந்த இடம் என்னுடையது இல்லை. குண்டு பட்டு ஸ்க்ரீன் சிவந்துபோனது. பிரகாஷ் சட்டென்று திரும்பிப் பார்த்தான். டீ கிளாசோடு நான் நின்றுகொண்டிருந்தேன். மறுபடி ஸ்க்ரீன் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இதையே கட்டிக் குடுங்க பாய்" என்றான். பாய் கார்டுக்கு விலை கழிக்கப் போனபோது வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டான். பெட்டியை வேனில் ஏற்றிவிட்டு, திரும்ப வந்து, கவுண்டர் மேல் இருந்த கார்டு பெட்டியை எங்கள் பக்கம் நகர்த்தினான். சாம்பார்க் கறையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தான். அது போகவில்லை.

"இத்த இங்கயே வைங்க பாய். பொங்கலுக்கோ தீபத்துக்கோ அவன் இந்தப் பக்கம் வருவான். வந்தா அவன்கிட்ட குடுங்க. நான் வச்சிட்டுப் போனேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அந்தப் பெட்டி இன்னும் எங்கள் ஷோகேசில்தான் இருக்கிறது. எந்த போர்டோடு எந்தக் கார்டு சேரும் என்று கேளுங்கள், உடனே சொல்கிறோம், அதற்கு மேல் யாரையும் சேர்ப்பதற்கு எங்கள் கடையில் வாரண்டி கிடையாது.